மூன்றாம் ஞாயிறு வாசிக்கப்படாத பெயர்

ஆண்டவரை நம்பி நடக்கிற என் உடன்பிறப்புகளுக்கு, ஆரியசாலையில் கயிற்றுக் கடை வைத்திருக்கிற சாம் எழுதுவது. குடியை விட்டவன் என்று தெரிந்தால் போதும், சாட்சி சொல்ல வா என்று கூட்டத்துக்குக் கூட்டம் கூப்பிடுகிறார்கள். நானும் இரண்டு முறை மேடை ஏறினேன். பாதியைச் சொல்லிவிட்டு இறங்கினேன். மீதிப் பாதியைச் சொன்னால் மைக்கை அணைத்துவிடுவார்கள் என்று தெரியும். ஆனால் அந்தப் பாதி இல்லாமல் ஆண்டவர் எனக்குச் செய்தது என்ன என்று யாருக்கும் விளங்காது. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூற்றேழில் எனக்கு இருபத்துமூன்று வயது. வீட்டுக்கு ஒரே பிள்ளை. காலையில் கடையைத் திறந்ததும் ஒரு மடக்கு பிராந்தி உள்ளே போகாவிட்டால் கயிற்றை அளக்கக் கை நிற்காது. கடைக்குப் பின்னால் தார்ப்பாய் அடுக்கி வைத்திருக்கிற அறை. மடித்த தார்ப்பாய்க்குள் பாட்டிலைச் செருகி வைப்பேன். அந்த அறையில் மெழுகும் தாரும் அடிக்கிற நெடியில் எந்த வாசனையும் தெரியாது. இருந்தாலும் தெரு முழுக்கத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுக்கு மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். பாட்டு முடிந்ததும் முழங்காலில் நின்று, கண்ணை மூடி, ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். இளையவனான நான் முதலில், பிறகு அம்மா, கடைசியில் அப்பா. நேருக்கு நேர் சொல்ல முடியாததை எங்கள் வீட்டில் ஜெபத்தில்தான் சொல்வார்கள். அப்பா கெட்டுப்போன மீன் வாங்கி வந்தால் அம்மா அவரிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். ஏழு மணிக்கு, "ஆண்டவரே, பொருள் வாங்குகிறவர்களுக்கு நிதானத்தைத் தாரும்" என்பாள். அப்பா தன் முறையில், "நாவை அடக்கும் கிருபையை இந்த வீட்டுப் பெண்களுக்குத் தாரும்" என்பார். வீட்டில் இருக்கிற பெண் அம்மா ஒருத்திதான். ஆமென் சொன்ன பிறகு அதைப்பற்றி யாரும் மூச்சுவிடக் கூடாது. சோறு சாப்பிடப் போய்விடுவோம். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது, அந்த ஜெபத்தில் நான் மாட்டிக்கொள்கிற வரை.

மாட்டிக்கொண்டது இப்படி. அம்மா பழுப்பு ரெக்சினில் ஜிப் வைத்து எங்கள் வேதப்புத்தகங்களுக்கு உறை தைத்திருந்தாள். அப்பாவுடையதும் என்னுடையதும் ஒரே துணி, ஒரே அளவு. இன்னொருவர் பைபிளை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதால் என் உறைக்குள் ஒரு கடிதம் வைத்திருந்தேன். எதிர்க் கடையில் பெயின்ட் விற்றுக்கொண்டிருந்த பிஜு, வளைகுடாவுக்கு வேலைக்குப் போன பிறகு மலையாளத்தில் எழுதிய கடிதம். நாங்கள் இரண்டு வருஷம் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருந்தோம். மறைத்து எழுத வேண்டாம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆண்கள் பக்கம்தான் மனசு போகும். பெண்கள் பக்கம் ஒரு நாளும் போனதில்லை. கடிதத்தில் பிஜு எழுதியிருந்தது எந்தக் கணவனும் மனைவிக்கு எழுதக்கூடியதுதான்.

ஒரு ஞாயிறு ஆராதனையில் பைபிளைத் திறந்தேன். உள்ளே அப்பாவின் மூக்குக் கண்ணாடி. பைபிள் மாறிப்போயிருந்தது. அப்பா எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தார். காணிக்கைக் கவரை எடுக்க ஜிப்பைத் திறந்தவர் கையில் அந்தக் கடிதம் வந்தது. கண்ணாடி இல்லாததால் கையை நன்றாக நீட்டிப் பிடித்து வாசித்தார். முதல் பக்கம், பின் பக்கம். பிரசங்கம் முடிகிற வரை அவர் திரும்பவில்லை. நான் அவருடைய பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என் பைபிளை மேஜையில் வைத்தார். கடிதம் அதில் இல்லை. அம்மாவிடம் மட்டும், "அவனுக்க பைபிளுக்கு வேற நெறத்துல உறை தச்சுப் போடு. மாறிப்போவுது" என்றார். அம்மா நீல உறை தைத்தாள். அன்றிலிருந்து நான்கு வருஷம் அப்பா என்னிடம் பேசவில்லை. கடையில் ஒன்றாக நிற்போம். "பத்து மீட்டர் வெட்டு" என்பதைக்கூட வாங்க வந்தவரைப் பார்த்துச் சொல்வார். ஏழு மணிக்கு மட்டும் ஆண்டவரிடம் என்னைப் பற்றிப் பேசுவார். அதிலும் பேர் கிடையாது. "இந்த வீட்டில் இருக்கிற ஒருவனை உம்முடைய கரத்தில் தருகிறோம்." நான் ஒரு முழம் தள்ளி முழங்காலில் நின்று அந்த ஒருவனைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அதற்கு முன்பும் குடித்தேன். அதற்குப் பிறகு குடித்ததுதான் குடி. தூக்க மாத்திரையும் சேர்ந்துகொண்டது. அரசு மதுக்கடை வரிசையில் என்னைப் பார்த்த சபைக்காரர் ஒருவர் அம்மாவிடம் சொல்ல, அம்மா பெண்கள் கூட்டத்தில் ஜெப விண்ணப்பம் கொடுத்தாள், மகனுடைய குடி மாற வேண்டும் என்று. அப்பாவும் அதைத் தடுக்கவில்லை. குடியை வெளியே சொல்லலாம். எந்த வீட்டில்தான் குடி இல்லை. மற்றதைச் சொல்ல முடியாது. ஆகவே சபை முழுவதும் என் குடிக்காக மண்டியிட்டது. வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் என் பேர். வீட்டு ஜெபக் கூட்டங்களில் என் பேர். ஒரு ஜெப வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒருவர் என் தலையைப் பிடித்து உலுக்கி, பிராந்திப் பிசாசே வெளியே போ என்று அரை மணி நேரம் கத்தினார். பாவம், ஆளுக்கு வியர்த்து ஊற்றியது. எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

நானும் ஜெபிக்காமல் இல்லை. என்னை மற்றவர்களைப் போல மாற்றும் என்று மூன்று வருஷம் கேட்டேன். வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தேன். ஒன்றும் மாறவில்லை. என்னைப் படைத்தவருக்கு என்னைப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு சனிக்கிழமை இரண்டு பங்காகக் குடித்தேன்.

இதற்குள்ளே ஒரு பொறி இருந்தது. அதைத்தான் நான் எந்த மேடையிலும் சொல்லவில்லை. எனக்குக் கல்யாண வயது. பெண் வீட்டார் வருவார்கள், சந்தையில் விசாரிப்பார்கள், "பையன் நல்ல குடி" என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்கள். இரண்டாம் முறை அப்படிப் போனபோது எனக்கு உறைத்தது. இந்தக் கெட்ட பேர்தான் எனக்குக் கூரை. அதன்பின் பெண் வீட்டார் வருகிறார்கள் என்று தெரிந்தால் அன்றைக்குக் காலையிலேயே ஏற்றிக்கொண்டு கடை வாசலில் விழுந்து கிடப்பேன். ஊர் சிரிக்கும். நான் தப்பித்தேன் என்று கிடப்பேன். யோசித்துப் பாருங்கள். இருநூறு பேர் என் குடி நிற்க ஜெபிக்கிறார்கள். நின்றால் அடுத்த மாதம் கல்யாணம். ஒரு பெண்ணின் வாழ்க்கையை நான் பாழாக்க வேண்டும். அந்த ஜெபத்துக்கு நான் எப்படி ஆமென் சொல்வேன். குடித்தால் சாவு. குடிக்காவிட்டால் கல்யாணம். இரத்தமாக வாந்தி எடுத்த நாளில்கூட, சரி, இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாயிரத்தொன்றில் அந்தக் கூரையும் போனது. நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு குடும்பம். பெண் ஷீபா, குழந்தைகள் பள்ளியில் டீச்சர். தகப்பன் இல்லை. அவள் அம்மா விசாரித்தார், குடிப்பான் என்று கேட்டார், பின்வாங்கவில்லை. "கெட்டி வச்சா திருந்துவான். எத்தன பேரு திருந்தியிருக்கான்" என்றார். ஷீபாவோடு ஐந்து நிமிஷம் தனியாகப் பேச விட்டார்கள்.

"குடிய விடணும்னு உங்களுக்கு ஆச உண்டா?" என்று கேட்டாள்.

"உண்டு" என்றேன். அது பொய்யில்லை.

"அப்ப நான் ஜெபிக்கேன். ரெண்டு பேருமா சேந்து பாக்கலாம்" என்றாள்.

நல்ல பெண். கெட்டவளாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. நான் கோழை. நிச்சயம் முடிந்தது.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெயர்களை வாசிப்பார்கள். இன்னாரும் இன்னாரும் இணைய இருக்கிறார்கள், இதற்குத் தடை எதுவும் அறிந்தவர் இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று போதகர் கேட்பார். யாரும் எதுவும் சொன்னதாக நான் கேட்டதில்லை. அந்த நேரம்தான் ஜனங்கள் காணிக்கைச் சில்லறை தேடுவார்கள். முதல் ஞாயிறு என் பெயரும் ஷீபாவின் பெயரும் வாசிக்கப்பட்டன. நான் அப்பாவின் பின்கழுத்தைப் பார்த்தேன். அந்தக் கோயிலில் என்னைத் தவிர தடை அறிந்த ஒரே மனுஷர் என் அப்பா. அவர் அசையவில்லை. இரண்டாம் ஞாயிறும் வாசித்தார்கள். அப்பா பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்து மூடினார், திறந்து மூடினார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போகாமல் கல்லாற்றுக்கு பஸ் ஏறினேன். பையில் ஒரு பாட்டிலும் மாத்திரை டப்பாவும். எதற்குப் போனேன் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஆற்றங்கரைப் பாறையில் மத்தியானம் வரை இருந்தேன். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் பக்கத்தில் உட்கார்ந்து பொதிச்சோறு பிரித்தது. அந்த அம்மா என்ன நினைத்தாளோ, ஒன்றும் கேட்காமல் ஒரு இலையில் சோறும் மீன் பொரித்ததும் வைத்து என் முன்னால் நீட்டினாள். சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு அழுதேன். அப்போதுதான் முதல்முறையாக வேறு மாதிரி ஜெபித்தேன். "ஆண்டவரே, என்னை மாற்றும் என்று இனி உம்மைத் தொந்தரவு செய்ய மாட்டேன். அந்தப் பெண்ணைக் காப்பாற்றும். ஒரே ஒரு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் தாரும்." மாத்திரைகளை ஆற்றில் கொட்டினேன். பாட்டிலையும் கொட்டினேன் என்று எழுத ஆசைதான். கொட்டவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் பாதி குடித்தேன்.

சனிக்கிழமை காலையிலிருந்து குடிக்கவில்லை. கை, தாடை, எல்லாம் ஆடியது. ஏழு மணிக்கு முழங்காலில் நின்றோம். என் முறைதான் முதலில். வழக்கமாக நான் நாலு வரியில் முடித்துவிடுவேன். அன்று ஜெபத்துக்கு உரிய வார்த்தை ஒன்றும் வரவில்லை. வீட்டுப் பேச்சில்தான் வந்தது.

"ஆண்டவரே, நான் எதுக்குக் குடிக்கேன்னு உமக்குத் தெரியும். இந்தக் கல்யாணம் நடந்தா ஷீபா செத்தாப்புல. என்னால ஒரு பெண்ணுக்குப் புருசனா இருக்க முடியாது. என்ன கொன்னாலும் முடியாது. இத நான் அப்பாட்ட சொல்லணும், அம்மாட்ட சொல்லணும். இந்த வீட்டுல உம்மகிட்ட சொல்லத்தான் அனுமதி. அதனால உம்மகிட்ட சொல்லுகேன்."

அடுத்தது அம்மாவின் முறை. அம்மா பேசவில்லை. கடைசியில் அப்பா தொண்டையைக் கனைத்தார். "சர்வ வல்லமையுள்ள ஆண்டவரே, உம்முடைய பரிசுத்த சமுகத்தில்" என்று எப்போதும்போலத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டார். மறுபடி தொடங்கினபோது அது கடையில் பேசுகிற குரல்.

"ஆண்டவரே, அந்தக் கடுதாசிய நான் வாசிச்சேன். நாலு வருசமா எனக்குத் தெரியும். ஊரக் கூட்டி குடிக்கு ஜெபிச்சேன். குடின்னா வெளிய சொல்லலாம், அதான். ரெண்டு ஞாயிறு தட உண்டான்னு கேட்டாவ. வாய மூடிட்டு இருந்தேன். கல்யாணம் ஆனா எல்லாம் சரியாவும்னு நெனச்சேன். அப்பன் இல்லாத பிள்ள அது. எனக்க மானத்துக்கு அந்தப் பிள்ளையக் குடுக்கப் பாத்தேன். எனக்க மோன் எனக்கக் கண்ணு முன்ன செத்துட்டு இருந்தான், நான் கண்ண மூடி ஜெபிச்சிட்டு இருந்தேன்."

நான் கண்ணைத் திறந்தேன். ஜெபத்தில் கண்ணைத் திறப்பது எங்கள் வீட்டில் பெரிய குற்றம். அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வருஷத்தில் அந்த முகத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. வயதாகியிருந்தது.

"சாமே" என்றார்.

"அப்பா" என்றேன்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. அந்த ஜெபம் இன்றைக்கும் முடியாமல்தான் கிடக்கிறது. அம்மா கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்: "உறைக்கு எதுக்கு நெறம் மாத்தச் சொன்னாருன்னு நான் கேக்கல்ல. கேட்டா சொல்லிருவாருன்னு பயம்." பிறகு எழுந்து, "சோறு ஆறுது, வாங்க" என்று அடுக்களைக்குப் போனாள்.

மறுநாள் ஆராதனைக்கு முன் அப்பா தனியாகப் போதகரைப் பார்த்தார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை கேட்டதில்லை. மூன்றாம் ஞாயிறு, வேறு இரண்டு ஜோடிகளின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. எங்களுடையது வாசிக்கப்படவில்லை. காணிக்கைச் சில்லறை தேடிக்கொண்டிருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா எழுந்து இரண்டு வரிசை பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அன்று மத்தியானமே இரண்டு பேரும் நெய்யாற்றின்கரைக்குப் போனோம். ஷீபாவின் அம்மா போட்ட நாற்காலியில் அப்பா உட்காரவில்லை. "பையனுக்குக் கல்யாணம் ஆவாது. எனக்கு மொதல்லயே தெரியும். மறச்சது நான். தப்பு எனக்கத்தான்" என்றார். அந்த அம்மா வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். ஷீபா வாசல் வரை வந்தாள்.

"ரெண்டு ஞாயிறு எனக்க பேரு வாசிச்ச பெறகா அங்கிள் சொல்லத் தோணிச்சு?" என்று கேட்டாள்.

பிற்பாடு அவளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆனதாகக் கேள்விப்பட்டேன். அதைச் சொல்லி என் தப்பை நான் கழித்துக்கொள்ள மாட்டேன். ஜெபம் கேட்கப்பட்டது என்று எழுதுகிற இடத்தில் அவளுடைய கேள்வியையும் எழுதி வைக்கிறேன்.

குடி ஒரே நாளில் போகவில்லை. அப்படிச் சொல்கிற சாட்சிகளைக் கேட்டு நான் நிறையப் பொறாமைப்பட்டிருக்கிறேன். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இல்லாத எறும்புகளைக் கையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தேன். அப்பா கடையைச் சாத்திவிட்டுக் கட்டிலருகே ஸ்டூலில் இருந்தார். பேச வராத மனுஷர். ஆரஞ்சு உரித்து, கொட்டை எடுத்து, சுளை சுளையாகத் தருவார். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு முறை மறுபடி விழுந்தேன். ஒருமுறை நான் பாருக்குள் இருக்கும்போது அவர் வாசலில் வந்து நின்றார். பிறந்ததிலிருந்து பார் படி மிதிக்காதவர். உள்ளே வரமாட்டாமல், வெளியே வந்த சப்ளையரிடம், "எண்டெ மோன் அகத்துண்டு. ஒந்நு விளிக்காமோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் மகன் உள்ளே இருக்கிறான், கொஞ்சம் கூப்பிட முடியுமா என்று. என் மகன் என்று ஓர் அந்நியனிடம் அவர் சொல்வதைக் கேட்டேன். கிளாசை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு தொடவில்லை. ஏழு வருஷம் ஆகிறது.

தடையை அறிந்தும் மறைத்தார் என்று சபைக் கமிட்டியில் இருந்து அப்பாவை எடுத்துவிட்டார்கள். சிலர் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். அப்பா அதைப்பற்றி ஒன்றும் சொன்னதில்லை. எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் கயிறு சுற்றிக்கொண்டே, "எனக்குப் புரியல்ல மக்ளே. புரிய வையும்னு கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், "அந்தப் பையன் சொகமா இருக்கானா?" என்று கேட்டார். பிஜுவைத்தான் கேட்டார். கடிதம் நின்று எத்தனையோ காலமாயிற்று, தெரியாது என்றேன். "ம்" என்றார். அன்று மாலை ஜெபத்தில், தூர தேசத்தில் வேலை செய்கிற பிள்ளைகளுக்காகவும் ஜெபித்தார்.

கல்யாணம் நின்ற அந்த வருஷம் கிறிஸ்துமசுக்கு அம்மா புது உறை தைக்க ரெக்சின் வாங்கி வந்தாள். அப்பாவுக்குக் கறுப்பு, எனக்கு நீலம். அப்பா கறுப்பை எடுத்துக் கொடுத்து, "ரெண்டுக்கும் இதுலயே தையி" என்றார்.

"ஒண்ணுபோல தச்சா மறுபடியும் மாறிப்போவுமே" என்றாள் அம்மா.

"மாறட்டு" என்றார் அப்பா.

கிறிஸ்துமஸ் காலையில் என் உறையின் ஜிப்பைத் திறந்தேன். உள்ளே அந்தக் கடிதம், நான் மடித்து வைத்திருந்த அதே மடிப்பில். நாலு வருஷமும் அதைத் தன் பைபிளில் வைத்துக்கொண்டுதான் அவர் எனக்காக ஜெபித்திருக்கிறார்.

என்னை மாற்றும் என்று நான் கேட்டதற்கு ஆண்டவர் பதில் தரவில்லை. ஒரு வாய் உண்மை கேட்டேன், அதைத் தந்தார். கேட்காத அப்பாவையும் சேர்த்துத் தந்தார். உங்கள் வீட்டிலும் ஒருவன் குடித்துக்கொண்டிருக்கலாம், ஒருத்தி மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்காக நீங்கள் மண்டியிட்டு அழுதுகொண்டிருக்கலாம். அழுங்கள், விடாதீர்கள். ஆண்டவர் கேட்கிறார், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் ஆமென் சொல்வதற்கு முன் ஒரு தடவை கண்ணைத் திறந்து, பக்கத்தில் முழங்காலில் நிற்கிறவர் முகத்தைப் பாருங்கள். நீ எதுக்கு மக்ளே குடிக்கிற என்று கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் எழுந்து போகாதீர்கள்.

மணி ஏழாகப் போகிறது. அம்மா பாயை விரித்துவிட்டாள். உள்ளேயிருந்து அப்பா என்னைக் கூப்பிடுகிறார், பேர் சொல்லி.